பைத்தியப் பசு நோய்

பைத்தியப் பசு நோய் என்பது மாடுகளின் மூளையைத் தாக்கும் கொடிய நோயாகும். மூளைத் திசு கடற்பஞ்சு போல் துளைபடுவதால் மாடு மிரண்டு, தள்ளாடி, இறக்கிறது. இதற்குக் காரணம் நுண்ணுயிரி அன்று. பிரியான் எனப்படும் உருத்திரிந்த புரதமாகும். சமைக்கும் வெப்பத்தில் இது அழிவதில்லை.

பரவலும் வணிகமும்

இந்நோய் 1986 இல் பிரித்தானியாவில் கண்டறியப்பட்டது. கால்நடைக் கழிவின் இறைச்சி, எலும்புத் தூள் கலந்த தீவனத்தால் பரவியது. இறைச்சி உண்டோருக்கு வந்த, உயிர்பறிக்கும் மூளைநோய்க்கும் இதற்கும் தொடர்பிருக்கலாம் என 1996 இல் அந்நாட்டு அரசு அறிவித்தது. உடனே ஐரோப்பிய ஒன்றியம் பிரித்தானிய மாட்டிறைச்சி ஏற்றுமதியைத் தடை செய்தது. தடை 1999 இல் தளர்த்தப்பட்டு, 2006 இல் நீக்கப்பட்டது.

இந்தியாவில்

இந்தியாவில் இந்நோய் பதிவானதில்லை. இங்கு மாடுகளின் முதன்மைத் தீவனம் வைக்கோல், புல், பிண்ணாக்கு ஆகியனவாகும். 2010 இல் உலக விலங்குநல அமைப்பு இந்தியாவை மிகக் குறைந்த இடருள்ள நாடாக ஏற்றது. எருமை இறைச்சி ஏற்றுமதிக்கு இத்தகுதி துணைபுரிகிறது.