வீட்டு வாயிலிலிருந்து நெடுந்தீவு வரை

பாடசாலை விடுமுறை நெருங்கியதும், ஏதேனும் ஒரு தீவுக்குச் சென்று வருவோமா என்னும் பேச்சு இல்லந்தோறும் எழுவது இயல்பு. மாலைதீவுப் பயணத்துக்குச் செலவுக் கணக்குப் பார்த்துப் பெருமூச்செறியும் குடும்பத்தினர், அக்குறணைக் கடைவீதியை ஊடறுத்துச் செல்லும் நெடுஞ்சாலையைச் சற்றே நோக்குவாராக. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை சுமார் 320 கிலோமீற்றர் நீளும் ஏ-9 வீதி அதுவே. அவ்வீதி முடியும் நகருக்கு அப்பால், கடல் நடுவே நெடுந்தீவு இருக்கின்றது.

யுத்த காலத்தில் இவ்வீதி நெடுநாள் மூடிக் கிடந்தது. 2002ஆம் ஆண்டு போர்நிறுத்தத்தின் போது திறக்கப்பட்டு, 2006இல் மீண்டும் அடைபட்டது. 2009இல் போர் ஓய்ந்த பின்னரே நிலையாகத் திறந்தது. ஆகவே, பெற்றோர் பலர் தம் மாணவப் பருவத்திற் காணாத வடபுலத்தை இன்று அவர்தம் பிள்ளைகள் காணலாம்.

இப்பயணத்துக்கு மூன்று நாட்கள் வேண்டும். முதல் நாள் அதிகாலையிற் புறப்பட்டு, மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணம் சேர்ந்து தங்குதல் நன்று. மறுநாள் பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியே குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்தால், அங்கிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவு. மூன்றாம் நாள் வீடு திரும்பலாம்.

திட்டத்தைப் படகின் நேரத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும். செல்லும் படகையும் திரும்பும் படகையும் முன்கூட்டியே விசாரித்தறிந்து, மற்றவற்றை அதற்கேற்ப அமைத்துக்கொள்க. டிசம்பர் விடுமுறையில் வடகீழ்ப் பருவமழையும் காற்றும் குறுக்கிடக்கூடும். கடல் கொந்தளித்தாற் படகுகள் ஓடா. ஆதலின் ஒரு நாளை மேலதிகமாக ஒதுக்கிவைப்பது விவேகம்.

பவளக் கற்களை அடுக்கிய வேலிகள், ஒல்லாந்தர் காலக் கோட்டையின் இடிபாடுகள், பருத்த பெருக்கமரம், வெளியிலே திரியும் குதிரைக் கூட்டங்கள் ஆகியன அங்கே காணத்தக்கவை. எனினும், மாணவர்க்கு அத்தீவு புகட்டும் முதற் பாடம் தண்ணீரே. பிங்கா ஓயா பெருகிக் கடைகளுக்குள் வெள்ளம் புகுவதைக் கண்டு வளர்ந்த அக்குறணைப் பிள்ளைகள், உவர்நீர்க் கிணறுகளையும், குடிநீருக்காக மக்கள் படும் பாட்டையும் அங்கே காண்பர். கடும் வரட்சியிற் குதிரைகளும் நீரின்றி வாடுவதுண்டு.

எனவே, குடிநீரையும் பகலுணவையும் யாழ்ப்பாணத்திலிருந்தே கொண்டு செல்க. வெற்றுப் போத்தல்களைத் தவறாது திருப்பி எடுத்து வருக. படகு நமக்கு உல்லாசம். தீவு மக்களுக்கோ மருத்துவமனைக்கும் சந்தைக்கும் கல்விக்குமான வழி. நோயாளி ஒருவர் இடமின்றிக் கரையில் நிற்க, நாம் ஏறிச் செல்வது அழகன்று. அவர்களை முன்னே விட்டு, அடுத்த படகுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் நம் திட்டத்திற் சேர்த்துக்கொள்வோமாக.