தகுதி யாருக்கு? செல்வராட்சியும் வல்லுநராட்சியும்



பணம் படைத்தவர் ஆள்வது செல்வராட்சி. படிப்பும் தொழில்நுட்பமும் கைவந்தவர் ஆள்வது வல்லுநராட்சி. முதலாவது கெட்டது என்று எல்லோரும் ஒப்புக்கொள்வோம். இரண்டாவதை நம் பிள்ளைகளே விரும்புகிறார்கள்: 'அரசியல்வாதி வேண்டாம், திறமையான அதிகாரி போதும்' என்கிறார்கள். சேரியில் நின்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

1920இல் சென்னை மாகாணத் தேர்தலில் வாக்களித்தவர்கள் பெரும்பாலும் நிலவரி, சொத்துவரி, வருமானவரி கட்டியவர்கள். மக்கள்தொகையில் சுமார் 3 விழுக்காட்டினருக்கே வாக்குரிமை இருந்தது. நிலம் இல்லாதவருக்கு வாக்கில்லை; நம்மை நிலம் வைத்திருக்கச் சாதி விடவில்லை. எம்.சி. ராஜா சட்டசபைக்குள் போனது நியமனத்தால்தான். இன்றும் சில ஊர்களில் ஊராட்சித் தலைவர் பதவியை ஏலம் விடுகிறார்கள். கோயில் திருப்பணிக்கு என்பார்கள். ஏலம் எடுத்தவரைத் தவிர வேறு யாரும் மனு போடக்கூடாது என்பதே அதன் பொருள்.

வல்லுநராட்சிக்கு இந்தப் பொழிச்சலூரையே எடுத்துக்கொள்வோம். 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தனி அலுவலர்கள் வந்தார்கள். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தது. செங்கல்பட்டு உள்ளிட்ட 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரில்தான் நடந்தது. ஆக, ஐந்தாண்டுகள் இந்த ஊருக்கு மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. முன்னரே தேர்தல் கண்ட மாவட்டங்களில் 2025 ஜனவரியில் மீண்டும் தனி அலுவலர்கள்.

அந்த அதிகாரி தேர்வெழுதி வந்தவர், நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் குழாயில் தண்ணீர் வராவிட்டால் அவரை வாக்கால் இறக்க முடியாது. தனி ஊராட்சிகளில் நமக்கென்று இருந்த தலைவர் நாற்காலியும் அந்த ஆண்டுகளில் காலி. அந்த நாற்காலியில் அமர்ந்ததற்காகத்தான் 1997இல் மேலவளவு முருகேசன் வெட்டிக் கொல்லப்பட்டார்.

'உன்னிடம் ஒன்றும் இல்லை' என்று பணம் நம்மை வெளியே நிறுத்தியது. 'உனக்கு ஒன்றும் தெரியாது' என்று திறமை நிறுத்துகிறது. நிலம் பரம்பரையாக வந்ததுபோலவே, பள்ளியும் பயிற்சியும் பல வீடுகளுக்குப் பரம்பரையாகவே வந்தன. ஒரு வேறுபாடு உண்டு. பணக்காரனின் ஆட்சியை அநியாயம் என்று உடனே சொல்லிவிடுகிறோம். வல்லுநர் ஆட்சிக்கு முன்னால் நம் அறியாமைக்காக நாமே வெட்கப்பட்டு ஒதுங்குகிறோம். அதனால் அது கூடுதல் ஆபத்து.

அப்படியானால் வல்லுநர் வேண்டாமா? வேண்டும். அடையாற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்கிடுவது பொறியாளர் வேலை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அதன் அருமை நமக்குத் தெரியும். ஆனால் எந்தத் தெருவுக்கு முதலில் வடிகால், யார் வீட்டை இடிப்பது என்பது கணக்கு அல்ல, நியாயம். அதை முடிவு செய்பவர் நமக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும்.

அம்பேத்கரைவிடப் படித்தவர் அன்று எத்தனை பேர்? அவர் 1928இல் சைமன் குழுவிடம் கேட்டது படித்தவர்களின் ஆட்சியை அல்ல. வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமையை. வாக்குதான் கல்வி என்று அவர் கண்டார்.

ஆகவே படியுங்கள், வல்லுநராகுங்கள். பதவிக்காலம் முடியும்போது 'தேர்தல் எப்போது?' என்று முதலில் கேட்பவராகவும் இருங்கள்.