திராட்சை, ஈஸ்ட், காற்று

1920-களின் அறுவடைக் காலங்களில் கலிபோர்னியாவிலிருந்து புறப்பட்ட சரக்கு ரயில்கள், திராட்சைப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் ஓடின. அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. மதுக்கடைகளுக்குப் பூட்டு விழுந்திருந்தது. ஆனால், மதுவிலக்கை அமல்படுத்திய வோல்ஸ்டெட் சட்டத்தின் 29-ஆம் பிரிவு வீட்டில் பழச்சாறு தயாரித்துக்கொள்ள இடம் கொடுத்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 200 கேலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை. அந்தச் சாறு நிலவறைப் பீப்பாயில் என்னவாக மாறும் என்பது ஊருக்கே தெரியும்.

அந்தப் பெட்டிகளில் கிராக்கி மிகுந்த ரகங்களுள் ஒன்று அலிகாந்தே பூஷே. பிரான்ஸில் ஆன்ரி பூஷே ஒட்டுச்சேர்க்கையில் உருவாக்கியது. தோல் தடிமன் என்பதால் நெடும் ரயில் பயணத்தைத் தாங்கியது. பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளில் நிறம் முழுக்கத் தோலில்தான் இருக்கும். உள்ளே சதை வெளிறியிருக்கும். இதற்குச் சதையும் சிவப்பு. பிழிந்த சக்கையில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றி மறுபடி நொதிக்க வைத்தாலும் நிறம் குறையாது. விவசாயிகள் நல்ல ஒயின் ரகங்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு இதை நட்டார்கள்.

பயணம் தாங்குகிற பழமும் ஒயினுக்கு உகந்த பழமும் ஒன்றல்ல. இன்று வீட்டில் ஒயின் போடுகிறவரும் முதலில் பார்ப்பது பழத்தைத்தான். ஒரு லிட்டர் சாற்றில் இருக்கும் சர்க்கரையில் ஏறக்குறைய 17 கிராம் செலவானால் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். 22 முதல் 24 சதவீதம் சர்க்கரை உள்ள ஒயின் திராட்சை, 12, 13 சதவீத ஆல்கஹாலைத் தானாகவே எட்டிவிடும். சாப்பிடுவதற்காக விற்கும் விதையில்லா திராட்சையில் சர்க்கரை குறைவு, தோலும் மெல்லியது. சர்க்கரைக் குறையைச் சரிக்கட்டலாம், புளிப்புக்கு டார்டாரிக் அமிலம் சேர்க்கலாம். தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வர வேண்டிய துவர்ப்புக்குத்தான் திண்டாட்டம்.

அடுத்து ஈஸ்ட். திராட்சைத் தோலிலேயே காட்டு ஈஸ்ட்கள் ஒட்டியிருக்கின்றன. அவற்றில் பல, ஆல்கஹால் நான்கைந்து சதவீதத்தைத் தொட்டதும் சுருண்டுவிடும். அதற்கு மேல் வேலை பார்ப்பது சாக்கரோமைசஸ் செரவிசியே. ரொட்டிக்குப் போடுவதும் இதே இனம்தான். ஆனால், மாவைச் சீக்கிரம் உப்பவைப்பதற்காகத் தேர்ந்தெடுத்த ரகம் அது. ஒயின் ஈஸ்ட்களில் பரவலாக விற்கும் இசி-1118, பிரான்ஸின் ஷாம்பெய்ன் பகுதியில் பிரித்தெடுக்கப்பட்டது. 18 சதவீத ஆல்கஹால் வரை தாக்குப்பிடிக்கும். 5 கிராம் பொட்டலம் ஒன்று 23 லிட்டருக்குப் போதும். ஈஸ்ட் போடுவதற்கு ஒரு நாள் முன்பே சல்பைட் மாத்திரையைப் பொடித்துச் சாற்றில் கலந்து, காட்டு ஈஸ்ட்களையும் பாக்டீரியாக்களையும் அடக்கிவைக்கிறார்கள்.

பாத்திரம் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். காரணம் காற்று.

தொடக்கத்தில் ஈஸ்ட் பெருக ஆக்சிஜன் தேவை. அதனால் முதல் வாரத்துக்கு உணவுத் தரப் பிளாஸ்டிக்கில் அகன்ற வாளி. கரியமில வாயு தூக்கிவிடுவதால் தோல்கள் மேலே மிதந்து கெட்டிப்பட்டு நிற்கும். அதைத் தினமும் இரண்டு முறை கட்டையால் அமுக்கி முக்க வேண்டும். விட்டுவிட்டால் மேல்பரப்பு காய்ந்து, பழ ஈக்கள் மொய்த்து, காடி வாடை கிளம்பும்.

கொந்தளிப்பு அடங்கியதும் கதை தலைகீழ். இனி ஆக்சிஜன்தான் எதிரி. ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்கும் அசிட்டோபாக்டருக்கு அது தேவை. ஆகவே, ரப்பர் குழாயால் உறிஞ்சிக் குறுகிய கழுத்துள்ள கண்ணாடிக் குடுவைக்கு மாற்றி, கழுத்துவரை நிரப்புகிறார்கள். வாயில் ஏர்லாக். ஆங்கில எஸ் வடிவத்தில் வளைந்த சிறு குழாய் அது, உள்ளே கொஞ்சம் தண்ணீர். கரியமில வாயு குமிழி குமிழியாக வெளியேறும். வெளிக்காற்று உள்ளே வராது.

பரணில் கிடக்கும் பழைய மண்ஜாடியைத் தூசு தட்டி எடுப்பதில் ஆபத்து உண்டு. அதன் மெருகுப் பூச்சில் ஈயம் இருந்தால் ஒயினின் அமிலம் அதைக் கரைத்து இழுத்துவிடும். இரும்பும் செம்பும் ஒயினைக் கலங்கடித்துச் சுவையைக் கெடுக்கும். எவர்சில்வருக்குத் தடையில்லை.

பலர் வாங்காமல் விட்டுவிடும் கருவி ஹைட்ரோமீட்டர். திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் கண்ணாடி மிதவை. சர்க்கரை நிறைந்த சாற்றில் 1.090-ஐ ஒட்டிக் காட்டும்; சர்க்கரை தீரத் தீரக் கீழே அமிழ்ந்து 1.000-க்கும் குறைவாகப் போகும். குமிழி நின்றதை மட்டும் நம்பக் கூடாது. குளிரிலும் ஈஸ்ட் வேலையை நிறுத்திவிட்டுப் பிறகு விழித்துக்கொள்ளும்.

வீட்டில் ஒயின் போடலாமா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 1978-இல் கையெழுத்திட்ட சட்டப்படி, அமெரிக்காவில் பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் இன்றும் 200 கேலன் வரை வரியின்றித் தயாரிக்கலாம். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமில்லாமல் மது தயாரிப்பது குற்றம்.

புட்டியில் அடைக்கும் நாளை முடிவு செய்வதும் ஹைட்ரோமீட்டர்தான். சில நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் மாறாமல், 1.000-க்குக் கீழேயே நிற்க வேண்டும். மிச்சச் சர்க்கரையோடு தக்கையிட்டால், புட்டிக்குள் மீண்டும் நொதித்து வாயு சேரும். ஒன்று தக்கை தெறிக்கும், இல்லையேல் கண்ணாடி வெடிக்கும்.