செல்போன் பேசுகிறது, பத்திரம் பேச மறுக்கிறது!

பிள்ளைப்பாக்கம்,-

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கம் சிப்காட் பக்கம் இப்போது தாளுக்கு வேலை குறைந்துவிட்டது. கம்பெனியில் வேலை கிடைத்தால் ஆர்டர் செல்போனுக்கு வருகிறது. சம்பளச் சீட்டு செல்போனில். பி.எப். கணக்கு செல்போனில். நிலம் வைத்திருப்பவருக்குப் பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் செல்போனில். கடைக்காரருக்கு ஜி.எஸ்.டி. நோட்டீசும் அதில்தான்.

நல்லதுதான். ஆனால் கண் பார்வை இல்லாத ஒருவர் அந்தக் கடிதத்தைத் திறந்தால் என்ன நடக்கும்?

செல்போன் பேசும். கோப்பின் பெயரைச் சொல்லும். "பக்கம் 1" என்று சொல்லும். அதோடு சரி. அப்புறம் கிணற்றில் போட்ட கல் மாதிரி கம்மென்று இருந்துவிடும். காரணம், உள்ளே எழுத்தே இல்லை. இருப்பது எழுத்தின் போட்டோ!

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. இந்த வட்டாரமே செல்போன் வட்டாரம். 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை ஓடியது. இப்போது பக்கத்துச் சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் தயாராகி உலகம் பூராவும் போகிறது. 2009-ம் ஆண்டு வந்த மாடல் முதல் ஒவ்வொரு ஐபோனிலும் "வாய்ஸ்ஓவர்" என்று, திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. சாதாரண ஆண்ட்ராய்டு போனிலும் "டாக்பேக்" இருக்கிறது. பேசும் போன் இங்கேயே தயாராகிறது. அது படிக்கவேண்டிய கடிதம்தான் ஊமையாக வருகிறது.

இரண்டு நண்பர்கள்

திரையைப் படித்துக்காட்டும் இந்தச் சாப்ட்வேருக்கு ஸ்கிரீன் ரீடர் என்று பெயர். கம்ப்யூட்டரில் "ஜாஸ்" என்ற அமெரிக்கச் சாப்ட்வேர் ரொம்ப காலமாகப் பிரபலம். சென்னைப் பெண் பெனோ செபைன், ஜாஸ் உதவியோடு படித்து சிவில் சர்வீஸ் பரீட்சை பாஸ் செய்து, 2015-ல் வெளிநாட்டுத் தூதரகப் பணியில் சேர்ந்தார். முழுமையாகப் பார்வை இல்லாத ஒருவர் ஐ.எப்.எஸ். அதிகாரி ஆனது இந்தியாவில் அதுவே முதல் முறை.

ஜாஸ் விலை எல்லோருக்கும் கட்டுபடி ஆகாது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற வாலிபர் 2006-ல் சொந்தமாக ஒன்றை எழுதத் தொடங்கினார். சிறு வயதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை முகாமில் பழக்கமான ஜேம்ஸ் டே அவருடன் சேர்ந்துகொண்டார். அவரும் பார்வையற்றவர். இருவரும் செய்த "என்.வி.டி.ஏ." சாப்ட்வேரைக் காலணா கொடுக்காமல் யாரும் இறக்கிக்கொள்ளலாம். தமிழும் படிக்கும்.

ஆக, படிக்கிற ஆள் தயார். கூலியும் கேட்பதில்லை. பிறகு கோளாறு எங்கே?

ஆபீசில் நடக்கும் கூத்து

கோளாறு கடிதம் புறப்படும் இடத்தில் இருக்கிறது. எந்த ஆபீசை எடுத்துக்கொண்டாலும் இதுதான் வழக்கம்: கிளார்க் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறார். அது வரை அது எழுத்து. ஸ்கிரீன் ரீடர் கடகடவென்று படித்துவிடும். பிறகு பிரிண்ட் எடுக்கிறார். அதிகாரி கையெழுத்துப் போடுகிறார். ரப்பர் ஸ்டாம்பு விழுகிறது. அந்தத் தாளை மறுபடி ஸ்கேன் செய்து, "அனுப்பிட்டேன் சார், பாத்துக்குங்க" என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறார்.

எழுத்தாகப் பிறந்த கடிதம் ஸ்கேனர் கண்ணாடியில் படுத்து எழுந்தபோது படமாகிவிட்டது! கண் உள்ளவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஸ்கிரீன் ரீடருக்கு அது ஒரு வெள்ளைச் சுவர். கிளார்க் பேரில் குற்றம் சொல்லிப் பயனில்லை. இப்படி ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

படத்தில் இருந்து எழுத்தைப் பிடிக்கும் ஓ.சி.ஆர். என்ற வழி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. தெளிவான தாள் என்றால் ஓரளவு சரியாகவே வரும். ஸ்டாம்பு மை எழுத்தின் மேலே விழுந்திருந்தால், தாள் கோணலாக இருந்தால், 3 என்பது 8 ஆகிவிடும். கதைப் புத்தகத்தில் 3 எட்டானால் குடி முழுகாது. சர்வே நம்பரில் ஆனால்?

ஜே, கே, பி, ஓ!

தமிழுக்கு என்று தனியாக ஒரு தலைவலியும் இருக்கிறது. அது பழைய எழுத்துரு. இங்கேயும் இலங்கையிலும் டி.டி.பி. கடைகளில் நன்றாகப் புழங்கிய "பாமினி" எழுத்துருவில் "தமிழ்" என்று அடித்தால் திரையில் அழகாகத் தமிழ் தெரியும். கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள்ளே இருப்பது என்ன தெரியுமா? இங்கிலீஷ் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி! அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஸ்கிரீன் ரீடர் முகமூடியைப் பார்ப்பதில்லை. உள்ளே இருப்பதையே படிக்கும். ஒரு பக்கக் கடிதம் முழுவதும் இப்படி உளறினால் கேட்பவர் கதி என்ன?

இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. யூனிகோடில் "த" என்றால் எந்தக் கம்ப்யூட்டரிலும் "த"தான். ஆனால் பழைய எழுத்துருவில் கை பழகியவர்கள் லேசில் விடுவார்களா? பல டைப்பிங் சென்டர்களில் இன்றும் பழையதுதான் ஓடுகிறது.

யூனிகோடில் அடித்தும் சில பி.டி.எப்.களில் கொம்பு இடம் மாறி, "பெயர்" என்பது "பயெர்" ஆகிவிடுவது தனிக்கதை. அட்டவணை இன்னொரு கதை. ஊர், சர்வே நம்பர், பரப்பு, பெயர் என்று கட்டம் போட்ட பட்டியலை முறையாக அட்டவணையாகச் செய்யாமல், ஸ்பேஸ் பார் தட்டித் தட்டி இடம் விட்டு அடித்தால், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ரெயில் வண்டி போலப் படித்துவிடும். எந்த நம்பர் யாருடையது என்று கேட்பவருக்குப் பிடிபடாது.

"மச்சான் படிச்சார்"

அக்கம்பக்கத்தில் யாரையாவது படிக்கச் சொன்னால் போகிறது என்று நினைக்கலாம். இங்கேதான் விஷயமே இருக்கிறது.

பிள்ளைப்பாக்கம் போன்ற இடத்தில் நிலம் என்பது இன்று மண் அல்ல, பணம். சிப்காட் வந்த பிறகு ஏக்கர் பேச்சு சென்ட் பேச்சாகிவிட்டது. பங்காளி, தரகர், கடன் கொடுத்தவர் என்று ஒரு பத்திரத்தைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கிறார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவர்தான் படித்தும் காட்டவேண்டும் என்றால்? "மச்சான் படிச்சார், நான் கையெழுத்துப் போட்டேன்" என்ற பேச்சு போலீஸ் ஸ்டேஷனுக்குப் புதிதல்ல. நல்ல மச்சானாகவே இருக்கட்டும். தன் சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்பதை இன்னொருவர் வாயால்தான் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டுமா?

சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்க வந்தால் பத்திரத்தை அவருக்குப் படித்துக் காட்டுவது பழைய காலத்து நடைமுறை. தாள் காலத்தில் இருந்த அந்த ஜாக்கிரதை, செல்போன் காலத்தில் காணாமல் போகலாமா?

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் பார்வைக் குறை உள்ளவர்கள் 50 லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பேர். பிள்ளைப்பாக்கத்தில் இருந்து சென்னைக்குப் போகிற வழியில், பூந்தமல்லியிலேயே பார்வையற்றோர் அரசுப் பள்ளி இருக்கிறது. பிரெய்லியும் கம்ப்யூட்டரும் படித்து வெளியே வரும் பிள்ளைகள் வேலைக்கு மனுப்போடுவது இதே தொழிற்பேட்டைகளுக்கும்தான்.

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-வது பிரிவு, மின்னணுத் தகவல்கள் எல்லோரும் அணுகும் வடிவத்தில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 2024 நவம்பர் 8-ந் தேதி ராஜீவ் ரதூரி வழக்கில், இந்த அணுகல் விதிகளை வெறும் சிபாரிசாக வைக்கக்கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

அடுத்த தீர்ப்பு 2025 ஏப்ரல் 30-ந் தேதி. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன் என்ற பெண், கேமரா முன்னால் கண் சிமிட்டிக் காட்டினால்தான் பேங்க் கணக்கு என்றதை எதிர்த்துப் போட்ட வழக்கு. பார்வையற்றவரான அமர் ஜெயின் போட்ட வழக்கும் சேர்ந்தது. டிஜிட்டல் வசதியை அணுகுவது உயிர் வாழும் உரிமையின் பகுதியே என்று கூறிய கோர்ட்டு, 20 உத்தரவுகள் போட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் நீதிபதிகள் பர்திவாலாவும், நம்முடைய சென்னை ஐகோர்ட்டில் இருந்து போன ஆர்.மகாதேவனும். தீர்ப்பை எழுதியவர் மகாதேவன்.

தனியார் கம்பெனியும் மாற்றுத்திறனாளிகளுக்கான சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட்டாக வேண்டும். 2016 சட்டத்தை முதல் தடவை மீறினால் 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். மறுபடியும் மீறினால் குறைந்தது 50 ஆயிரம். 5 லட்சம் வரை போகலாம்.

கையாலேயே சோதிக்கலாம்

இவ்வளவுக்கும், சரி செய்ய ஆகும் நேரம் ஒரு டீ குடிக்கும் நேரம்கூட இல்லை. யூனிகோடில் அடித்து, பிரிண்ட்டுக்கும் ஸ்கேனருக்கும் போகாமல், கம்ப்யூட்டரில் இருந்தே நேராகப் பி.டி.எப். ஆகச் சேமித்து அனுப்பினால் போதும். கையெழுத்துக்கு டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது. கட்டாயம் மை கையெழுத்துதான் வேண்டும் என்றால், ஸ்கேன் செய்ததோடு டைப் அடித்த மூலக் கோப்பையும் சேர்த்து அனுப்பிவிடலாம்.

தாங்கள் அனுப்பும் கோப்பு பேசுமா, பேசாதா என்பதைக் கண்ணுள்ளவரும் தெரிந்துகொள்ளலாம். கோப்பைத் திறந்து ஒரு வரியின் மேல் மவுசை இழுத்துப் பாருங்கள். வரி நிறம் மாறாவிட்டால் அது படம். மாறினால் காப்பி செய்து வேறு இடத்தில் ஒட்டுங்கள். தமிழே வந்தால் பேசும். ஜே, கே, பி, ஓ வந்தால், அனுப்புவதற்கு முன்னால் திருத்துங்கள்.

திருத்த மறுக்கும் ஆபீஸ் பற்றி மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம்.