மூன்று சகோதரியரும் ஏழு நாவல்களும்

ஒரு நூலாசிரியரின் உள்ளத்தை அறிய விரும்புவோர் அவர் இயற்றிய நூல்கள் அனைத்தையும் கற்றல் வேண்டும். ஆயினும், ஐம்பதும் அறுபதும் எழுதிக் குவித்த ஆசிரியர்களிடத்தில் இஃது எளிதிற் கைகூடுவதன்று. ஆங்கில இலக்கியத்திலோ இம்முயற்சிக்கு மிகவும் இசைந்த குடும்பம் ஒன்று உண்டு. சார்லட், எமிலி, ஆன் என்னும் பிரான்டே சகோதரியர் மூவரும் எழுதி முடித்த நாவல்கள் ஏழே. அவற்றுள் ‘ஜேன் அயர்’, ‘உதரிங் ஹைட்ஸ்’ ஆகிய இரண்டும் உலகெங்கும் படிக்கப்படுகின்றன. ஏனைய ஐந்தையும் படித்தவர் சிலரே. இரண்டை மட்டும் படித்தவர் ஒரு வீட்டின் முகப்பைக் கண்டு திரும்பியவர் ஆவர். ஏழையும் எழுதப்பட்ட முறையிலே படிப்போர்க்குத்தான் அவ்வீட்டினுள் நிகழ்ந்த உரையாடல் செவிக்கு எட்டும்.

இங்கிலாந்தின் வடபகுதியாகிய யார்க்ஷயரில், ஹாவர்த் என்னும் ஊர் ஒரு குன்றின் சரிவில் அமைந்துள்ளது. ஊரின் மேற்புறத்தில் மாதாகோயில். அதனை அடுத்துக் கல்லறைத் தோட்டம். அதற்கப்பால் குருவின் இல்லம். இல்லத்திற்குப் பின்னே காற்று ஓயாது வீசும் மரமற்ற மேட்டுநிலம். அயர்லாந்தில் வறிய குடும்பத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் கல்வி பயின்ற பாட்ரிக் பிரான்டே என்பவர், 1820-ஆம் ஆண்டில் அவ்வூர்க் கோயிலுக்குக் குருவாக வந்தார். அவருக்கு மக்கள் அறுவர். மறு ஆண்டிலேயே அவருடைய மனைவியார் இறந்தார். மூத்த பெண்கள் இருவரும் விடுதிப் பள்ளி ஒன்றில் பயிலுங்கால் நோயுற்று, 1825-இல் ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர். சார்லட், அவருடைய தம்பி பிரான்வெல், தங்கையர் எமிலி, ஆன் ஆகிய நால்வரே எஞ்சினர்.

1826-இல் தந்தையார் தம் மகனுக்கு மரப் போர்வீரர் பொம்மைகள் சில வாங்கி வந்தார். குழந்தைகள் அப்பொம்மைகளுக்குப் பெயரிட்டனர். அவை வாழக் கற்பனை நாடுகளைப் படைத்தனர். அந்நாடுகளின் வரலாற்றை உள்ளங்கையளவினும் சிறிய ஏடுகளில் நுண்ணிய எழுத்தால் எழுதி வைத்தனர். அவர்தம் கலை வளர்ந்த தொட்டில் அதுவேயாகும்.

வறுமை அவர்களை வெளியே அனுப்பிற்று. அக்காலத்தில் கற்ற நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்குத் தக்கதெனக் கருதப்பட்ட தொழில் ஆசிரியத் தொழில் ஒன்றே. செல்வர் இல்லங்களில் தங்கிக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் வேலையைச் சார்லட்டும் ஆனும் மேற்கொண்டனர். அவ்வேலையில் ஊதியம் சிறிது. மதிப்பு அதனினும் சிறிது. 1842-இல் சார்லட்டும் எமிலியும் பெல்ஜிய நாட்டுத் தலைநகரான பிரஸ்ஸல்ஸ் சென்று பயின்றனர். 1845-இல் மூவரும் மீண்டும் ஹாவர்த் இல்லத்தில் ஒன்றுகூடினர். மறு ஆண்டில் தங்கள் கவிதைகளைத் தங்கள் செலவிலேயே அச்சிட்டனர். பெண்பாற் புலவர் என்றால் திறனாய்வாளர் நடுநிலை பிறழ்வர் என அஞ்சி, கரர் பெல், எல்லிஸ் பெல், ஆக்டன் பெல் என்னும் புனைபெயர்களைச் சூடிக்கொண்டனர். அந்நூலின் இரண்டே படிகள் விற்பனையாயின.

அவர்கள் மனந்தளரவில்லை. இரவில் தந்தையார் உறங்கச் சென்ற பின்னர், உணவறையில் மேசையைச் சுற்றி மூவரும் நடப்பர். தாம் எழுதியவற்றைப் படித்துக் காட்டுவர். குறை நிறைகளைக் கூறுவர். இவ்வாறு ஒரே காலத்தில் மூன்று நாவல்கள் உருவாயின. சார்லட் ‘பேராசிரியர்’ என்னும் நாவலையும், எமிலி ‘உதரிங் ஹைட்ஸ்’ என்பதனையும், ஆன் ‘ஆக்னஸ் கிரே’ என்பதனையும் எழுதினர். ஏழையும் படிக்கப் புகுவோர் இம்மூன்றிலிருந்து தொடங்குதல் நன்று.

ஒரு கூரையின்கீழ் எழுந்தும் இவை ஒன்றையொன்று ஒத்தன அல்ல. ஆன் தாம் கண்டதைக் கண்டவாறே கூறுகிறார். செல்வர் வீட்டில் எளிய ஆசிரியை படும் அவமதிப்பை அமைதியான குரலில் எடுத்துரைக்கிறார். எமிலியோ அம்மேட்டுநிலத்தின் புயலையே மாந்தராக்கிவிட்டார். லிவர்ப்பூல் தெருவில் கண்டெடுக்கப்பட்ட ஹீத்கிளிப் என்னும் சிறுவன் அன்பு காரணமாகவும் அவமானம் காரணமாகவும் இரு குடும்பங்களை அழிக்க முனைவதே அதன் கதை. நன்று எது, தீது எது என்று எமிலி தீர்ப்புக் கூறுவதில்லை.

சார்லட்டின் கதையைப் பதிப்பாளர் பலர் மறுத்தனர். மறுத்தவருள் ஒருவர், இன்னும் விரிவான கதை உண்டாயின் அனுப்புக என எழுதினார். சார்லட் ‘ஜேன் அயர்’ கதையை அனுப்பினார். 1847 அக்டோபரில் வெளிவந்த அந்நாவல் பெரும்புகழ் பெற்றது. அழகும் செல்வமும் இல்லாத ஆசிரியை ஒருத்தி அதன் தலைவி. ‘ஆக்னஸ் கிரே’ படித்தோர் இத்தலைவியை முன்னரே அறிவர். ஆன் ஏற்றிய சிறு விளக்கிலிருந்து சார்லட் தம் பெருவிளக்கை ஏற்றிக்கொண்டார் எனலாம். எனினும், ‘ஆக்னஸ் கிரே’ அவ்வாண்டு டிசம்பரில், ‘உதரிங் ஹைட்ஸ்’ உடன் சேர்ந்தே வெளிவந்தது. பின் வந்தமையால் அதன் ஒளி மங்கித் தோன்றிற்று.

ஆனின் இரண்டாம் நாவல் ‘வைல்டுபெல் ஹாலின் குடியிருப்பாளர்’ 1848-இல் வெளிவந்தது. குடிகாரக் கணவனிடமிருந்து மகனைக் காக்கும் பொருட்டு வீட்டைத் துறந்து, ஓவியம் தீட்டி வாழும் ஹெலன் என்பவளின் கதை இது. அக்கால ஆங்கிலச் சட்டப்படி மனைவி ஈட்டிய பொருளும் கணவனுக்கே உரியது. 1870, 1882 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களே அந்நிலையை மாற்றின. அங்ஙனமாயின் ஹெலனின் செயல் எத்துணைத் துணிவுடையது என்பது புலனாகும். பிரான்வெல் குடியினால் அழிவதை அவ்வீட்டார் நாள்தோறும் கண்டு வருந்தியவர். அத்துன்பத்தை மறைக்காமல், பிறர்க்கு எச்சரிக்கையாக ஆன் எழுதினார். மூவருள் மென்மையானவர் எனப் பெயர் பெற்றவரே மிகக் கடிய உண்மையைக் கூறினார்.

அதன்பின் துன்பம் தொடர்ந்து வந்தது. 1848 செப்டம்பரில் பிரான்வெல் இறந்தார். டிசம்பரில் எமிலி காச நோயால் மறைந்தார். 1849 மே திங்களில் ஆனும் அந்நோய்க்கே இரையானார். அவ்வமயம் சார்லட் ‘ஷர்லி’ என்னும் நாவலைப் பாதியளவு எழுதியிருந்தார். நெசவு எந்திரங்களை எதிர்த்து 1811-12-இல் தொழிலாளர் செய்த கிளர்ச்சி அதன் பின்னணி. அதன் தலைவிக்கு எமிலியின் இயல்பையே அளித்தார். எமிலிக்கு வாய்க்காத உடல்நலமும் செல்வமும் கதையில் அவளுக்கு வாய்த்தன. தங்கைக்கு அக்காள் செய்த கைம்மாறு அது. பிற நாவல்களை அறியாது ‘ஷர்லி’யைப் படிப்போர் கதை தளர்ந்து செல்கிறது என்பர். அறிந்து படிப்போர், கதையின் நடுவே எழுதுகோல் நின்ற இடத்தை உணர்வர்.

1853-இல் ‘வில்லெட்’ வெளிவந்தது. பிரஸ்ஸல்ஸ் நகர அனுபவத்தைச் சார்லட் ‘பேராசிரியர்’ கதையில் ஓர் ஆடவனின் வாயிலாகக் கூறியிருந்தார். அதனையே ஈண்டு தனிமையுற்ற ஒரு பெண்ணின் வாயிலாக மீண்டும் கூறினார். முன்னது நன்முயற்சி, பின்னது முதிர்ந்த கலை. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், ஏழாண்டுத் துன்பம் ஓர் எழுத்தாளரை எவ்வாறு பக்குவப்படுத்திற்று என்பது விளங்கும். சார்லட் 1855-இல், தம் 38-ஆம் வயதில் இறந்தார். மறுக்கப்பட்ட முதல் நாவல் 1857-இல்தான் அச்சேறிற்று.

சார்லட்டே ஓரிடத்தில் தவறினார். தங்கையின் இரண்டாம் நாவல் எடுத்துக்கொண்ட பொருள் தகாதது என அவர் எண்ணினார். 1850-இல் தங்கையர் இருவரின் முதல் நாவல்களையும் மீண்டும் பதிப்பித்தபோது அதனை விலக்கிவிட்டார். நெடுங்காலம் ஆனின் பெயர் மங்கியிருந்தமைக்கு இஃதும் ஒரு காரணம். உடன்பிறந்த அக்காளே ஒரு நூலின் அருமையை அறியாது போகக்கூடுமாயின், பிறர் கூறும் மதிப்பீட்டை மட்டும் நம்பி ஒரு நூலை ஒதுக்குதல் தகுமோ?

தங்கையர் மறைந்த பின்னரும், இரவில் அவ்வுணவறை மேசையைச் சுற்றிச் சார்லட் தனியே நடந்தார் என அவ்வீட்டுப் பணிப்பெண் கூறினார். அன்று நின்றுபோன மற்ற இரு குரல்களையும் நாம் கேட்க வழியுண்டு. ஏழு நூல்களையும் வரிசையாக வைத்துப் படிப்பதே அவ்வழி.