ஆட்டிசம் உள்ள குழந்தைக்குத் தீபாவளிப் பரிசு: வயது லேபிளை எப்படிப் படிப்பது, எதைக் கேட்டு வாங்குவது?

தீபாவளி ஷாப்பிங் லிஸ்ட்டில் அக்கா பையன் பெயரும் இருக்கிறது. வயது 5, ஆட்டிசம் உண்டு. ஆன்லைனில் '5 வயது பையனுக்கு கிஃப்ட்' என்று தேடினால் ரிமோட் கார், பாட்டு பாடும் ரோபோ, நூறு துண்டு பஸில் என்று வரிசையாக வருகிறது. 'ஆட்டிசம் டாய்ஸ்' என்று தேடினால் பக்கம் பக்கமாக ஃபிட்ஜெட் பொம்மைகள். எதை வாங்குவது?

இரண்டு தேடலுமே பெரிதாக உதவாது. வயதும் ஆட்டிசம் என்ற சொல்லும் அந்தப் பையனுக்கு என்ன பிடிக்கும் என்பதைச் சொல்வதில்லை. அது தெரிந்தவர் அக்காதான். அவரிடம் என்ன கேட்பது, கடையில் எதைக் கவனிப்பது, பரிசை எப்படிக் கொடுப்பது என்று பார்ப்போம்.

எத்தனை பேருக்கு ஆட்டிசம்?

2021-ல் உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளைப் பதிவு செய்தது. ஆனால் அதில் ஆட்டிசத்துக்குத் தனிக் கட்டமே இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 21 வகைப் பட்டியலில் ஆட்டிசம் உண்டு.

127-ல் ஒருவர் என்ற கணக்கை அப்படியே வைத்தால், வீட்டுக்கு நான்கு பேர் என 100 வீடுகள் உள்ள அபார்ட்மென்டில் சராசரியாக மூன்று பேர். 'எனக்குத் தெரிஞ்சு யாருமில்லையே' என்பவருக்கும் தெரிந்தவர் ஒருவர் இருக்க வாய்ப்பு அதிகம்.

சாதாரணப் பரிசு ஏன் சிக்கலாகிறது?

ஆட்டிசத்தைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு, 2013-ல் புலனுணர்வு வேறுபாட்டையும் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. சத்தம், வெளிச்சம், தொடுதல், வாசனை ஆகியவற்றைச் சில குழந்தைகள் மிக அதிகமாக உணர்வார்கள். சிலர் மிகக் குறைவாக உணர்ந்து, இன்னும் வேண்டும் என்று தேடிப் போவார்கள். ஒரே குழந்தை மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்தும், ஊஞ்சலில் மணிக்கணக்கில் ஆடும்.

அதனால் ஒரு குழந்தைக்குக் கொண்டாட்டமாக இருக்கும் லைட் பொம்மை இன்னொரு குழந்தைக்குத் தண்டனை. பையன் பொம்மையைத் தூக்கி எறிந்தால் 'மரியாதை தெரியல' என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பது அக்காதான்.

வாட்ஸ்அப்பில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

'அவனுக்கு என்ன வேணும்?' என்று மட்டும் கேட்டால், 'ஒண்ணும் வேணாம்பா, நீ வந்தா போதும்' என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்:

1. இப்போ எதை விடாம வெச்சிருக்கான்?
2. எந்தச் சத்தம், எந்தத் துணி, எந்த வாசனை ஆகாது?
3. கையில் கிடைப்பதை வாயில் போடுறானா?
4. வீட்டில் ஏற்கெனவே என்னென்ன இருக்கு?

முதல் கேள்விக்கு 'ஃபேன்', 'லிஃப்ட்', 'மெட்ரோ ஸ்டேஷன் பேரெல்லாம் சொல்றான்' என்று பதில் வரலாம். 'இதையெல்லாம் எப்படிப் பரிசாக் கொடுக்கிறது?' என்று யோசிக்க வேண்டாம். கையால் சுற்றும் குட்டி ஃபேன், மெட்ரோ வழித்தட வரைபடத்தின் பெரிய பிரின்ட் எல்லாம் நல்ல பரிசுதான். பழைய பொம்மை தேய்ந்து போயிருந்தால் அதே பொம்மையில் இன்னொன்று வாங்கலாம். அது தொலைந்தால் வீடே ரெண்டாகும் என்பது பெற்றோருக்குத் தெரியும். ஒரு ஸ்பேர் இருப்பது அவர்களுக்கும் நிம்மதி.

கார்களை ஓட்டாமல் வரிசையாக அடுக்கி வைக்கிற குழந்தையும் விளையாடிக்கொண்டுதான் இருக்கிறது. அதை 'சரி' செய்ய பொம்மை தேட வேண்டாம். அடுக்க இன்னும் நாலு கார் வாங்கிக் கொடுங்கள். தெரபிக்கு வாரம் முழுக்க நேரம் இருக்கிறது. தீபாவளிப் பரிசு விளையாட மட்டும் இருக்கட்டும்.

பெட்டியில் இருக்கும் '3+' என்ன சொல்கிறது?

வயது லேபிள் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, எந்த வயதுக்குப் பிடிக்கும் என்ற யூகம். இதைத் தாராளமாக மீறலாம். 6 வயதுக் குழந்தைக்கு 2 வயதுக்கான அடுக்கு வளையம் பிடித்தால் அதையே வாங்குங்கள்.

இன்னொன்று பாதுகாப்பு. 3 வயதுக்குக் கீழே வேண்டாம் என்ற எச்சரிக்கை பெரும்பாலும் தொண்டையில் சிக்கும் சிறு துண்டுகளுக்காக. இதை மீறவே கூடாது, குழந்தைக்கு 3 வயது தாண்டியிருந்தாலும்கூட. உணவல்லாததைத் தின்னும் பழக்கம் (பைகா) ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் அதிகம். அமெரிக்காவில் பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களில் சுமார் 23% பேரிடம் இது இருந்தது. பொதுவான குழந்தைகளிடம் 3.5% மட்டுமே. மூன்றாவது கேள்விக்கு 'ஆமா' என்று பதில் வந்தால், குழந்தைக்கு எத்தனை வயதானாலும் 3 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான பொம்மையாகவே பாருங்கள். பட்டன் பேட்டரி, குட்டிக் காந்தம், தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் ஜெல் மணிகள், பல்லாங்குழிச் சோழி எதுவும் வேண்டாம்.

2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

ஆன்லைனில் அடிக்கடி கண்ணில் படும் இன்னொன்று, எடை கூட்டிய 'வெயிட்டட்' போர்வை. 5 முதல் 16 வயது வரையிலான ஆட்டிசம் உள்ள 67 குழந்தைகளை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. பலருக்குப் போர்வை பிடித்திருந்தது, ஆனால் தூக்க நேரம் கூடவில்லை. 2022-ல் அமெரிக்காவில் 4, 6 வயதுச் சிறுமிகள் இருவர் இத்தகைய போர்வையின் ஜிப் உறைக்குள் சிக்கி இறந்தனர். அந்த வகைப் போர்வைகள் சுமார் 2 லட்சம் திரும்பப் பெறப்பட்டன. தெரபிஸ்ட் சொல்லாமல் இதை நீங்களாக வாங்க வேண்டாம்.

புதுத்துணி, ஸ்வீட், பட்டாசு

பொம்மையைவிட நாம் அதிகம் கொடுப்பது துணிதான். ஜரிகை குத்தும், புதுத்துணிக் கஞ்சி உரசும், கழுத்து லேபிள் அரிக்கும். மிருதுவான பருத்தியில், ஏற்கெனவே போட்டுப் பழகிய மாடலிலேயே வாங்குங்கள். ஒரு வாரம் முன்னாடியே கொடுத்தால் அக்கா இரண்டு முறை துவைத்து வைத்துவிடுவார்.

உணவில் பலர் மிகக் குறைந்த வகைகளையே ஏற்பார்கள். ஸ்வீட் பாக்ஸைவிட, அவன் சாப்பிடும் அதே பிராண்ட் பிஸ்கட் மேல்.

பட்டாசு விஷயத்தில் கவனம் வேண்டும். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல் வரை இந்தியச் சட்டமே அனுமதிக்கிறது. குழந்தை அளவு இயர் மஃப் உண்மையிலேயே பயன்படும் பரிசு. ஆனால் தலையில் எதையாவது மாட்டுவதே சிலருக்குப் பிடிக்காது. முன்கூட்டியே கொடுத்தால் அமைதியான நாட்களில் போட்டுப் பழக நேரம் கிடைக்கும். தமிழ்நாட்டில் இருந்தால், பட்டாசுக்கு அனுமதி தரும் நேரம் சமீப ஆண்டுகளில் காலை 6-7, இரவு 7-8. இந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்து, அந்த நேரத்தில் மட்டும் உங்கள் வீட்டு வாசலில் வெடிக்காமல் இருப்பதும் ஒரு பரிசுதான், செலவில்லாதது.

எப்படிக் கொடுப்பது?

- பரிசின் படத்தை முன்னாடியே அனுப்புங்கள். சர்ப்ரைஸ் எல்லாக் குழந்தைக்கும் சந்தோஷம் தருவதில்லை.
- பெட்டியைப் பிரித்து, பேட்டரி போட்டு, தயாராகக் கொண்டு போங்கள். சத்தம் வரும் பொம்மை என்றால் வால்யூம் குறைக்கும் வசதியும் ஆஃப் ஸ்விட்சும் இருக்கிறதா என்று பாருங்கள்.
- பத்துப் பேர் கேமராவோடு சுற்றி நிற்க வேண்டாம். பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.
- 'சித்தப்பாவுக்குத் தேங்க்ஸ் சொல்லு', 'முத்தம் குடு' வேண்டாம்.
- வீட்டில் அண்ணனோ தங்கையோ இருந்தால் அவர்களுக்கும் ஒன்று. பெரியவர்களின் கவனம் அவர்களுக்குக் குறைவாகவே கிடைக்கும்.
- பில்லைப் பத்திரமாக வைத்து அக்காவிடம் கொடுங்கள். பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் மாற்றிக்கொள்ளலாம்.

அன்றைக்கு அவன் பரிசைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருக்கலாம். கண்ணில் படும் இடத்தில் அது இருக்கட்டும். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் அவனாக எடுத்து விளையாடலாம். அதனால் தீபாவளி அன்றே 'பிடிச்சிருந்ததா?' என்று அக்காவைக் கேட்காதீர்கள். கார்த்திகை தீபத்துக்குப் பேசும்போது கேளுங்கள்.