நீலப்பச்சையாய்ப் பால் வடியும் மரம்

சப்போட்டாக் காயைப் பறித்தால் காம்பில் வெள்ளையாகப் பால் வடியும், பார்த்திருப்பீங்க. அதே குடும்பத்து மரம் ஒன்று பசிபிக் கடலின் நியூ கலிடோனியா தீவில் மட்டும் வளர்கிறது. பெயர் பிக்னாண்ட்ரா அக்குமினாட்டா. பட்டையைக் கீறினால் நீலப்பச்சை நிறத்தில் பால் வரும். அந்த நிறம் நிக்கலால் வருவது! பாலைக் காயவைத்து எடை போட்டால் ஏறக்குறைய கால் பங்கு நிக்கல்தான். 1976-ல் ழாஃப்ரே, புரூக்ஸ் குழுவினர் இதை 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள்.

அந்தத் தீவின் மண் அப்படி. பூமியின் ஆழத்திலிருந்து மேலே வந்த பாறை சிதைந்து உண்டான மண்ணில் நிக்கல், குரோமியம், மெக்னீசியம் அதிகம்; கால்சியமும் பாஸ்பரஸும் குறைவு. இங்கே வளரும் பெரும்பாலான செடிகள் உலோகத்தை வேரோடு தடுத்துவிடும். சில மட்டும் அள்ளி அள்ளி மேலே ஏற்றும். ஒரு கிலோ உலர்ந்த இலையில் 1 கிராமுக்கு மேல் நிக்கல் இருந்தால் அது 'மிகைத்திரட்டி'. சாதாரணச் செடியில் சில மில்லிகிராம்தான் இருக்கும்.

எப்படி ஏறுது? வேர்ச் செல்லில் இரும்பை உள்ளே விடுகிற புரதங்கள் உண்டு. நம்ம பாஷையில் சொன்னால், அங்கே இன்புட் சோதனை கொஞ்சம் தளர்வு, நிக்கலும் நுழைந்துவிடும். தனியாகத் திரிந்தால் அது நஞ்சு. அதனால் சிட்ரிக் அமிலம் போன்றவை அதைக் கட்டிப்பிடித்து நீரோடு மேலே கொண்டுபோகும். கடைசியில் இலைத்தோல் செல்களின் நுண்குமிழிக்குள் பூட்டு! இவ்வளவு பாடு எதற்கு? இலை தின்னும் பூச்சியை விரட்டத்தான் என்பது பலர் ஏற்கும் விளக்கம்.

"அப்ப சுரங்கமே வேண்டாமே, செடியை நட்டு நிக்கல் அறுவடை பண்ணலாமே" என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். கணக்குப் போட்டதும் வேகம் குறைந்தது. அல்பேனியாவில் ஒரு மிகைத்திரட்டிச் செடியை உரமிட்டு வளர்த்தபோது எக்டேருக்குச் சுமார் 100 கிலோ நிக்கல் கிடைத்தது. ஒரு பெரிய மின்கார் பேட்டரிக்கே பல பத்து கிலோ வேண்டும். ஆக, ஒரு எக்டேர் வருஷம் பூரா உழைத்தால் இரண்டு மூன்று கார். வேறு பயிர் விளையாத மண்ணுக்கு நல்ல வருமானம். சுரங்கத்துக்கு மாற்று இல்லை.

வேதனை என்னன்னா, மரம் நிக்கலை உறிஞ்சும் அதே மண்ணுக்காகத்தான் சுரங்கமும் வருகிறது. பூப்பதற்கே பல பத்தாண்டுகள் எடுக்கும் மரம் அது. காடு அழிப்பும் தீயும் அதுவரை காத்திருக்காது.